வளையலை அடகு வைக்கும் முன்

கேள்வி: குலசேகரம் அருகே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 31. கைப்பேசியில் இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர்கள் நடித்தார்கள். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதாக, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான என் அப்பாவைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவர் அதிகாலை 3 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் 300 மரம் வெட்டி முடிப்பார். அந்த இருட்டைக் கைப்பேசியில் எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது. கேமராவைக் கண்டால் அப்பாவும் விறைத்துப்போகிறார். இருட்டிலும் தெளிவாக எடுக்கும் கேமராவுக்கும் லென்சுக்கும் இரண்டரை லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். என் வளையல்களை அடகு வைக்கலாமா? இன்னொன்று, எதை யோசித்தாலும் அது ஏற்கெனவே ஏதோ ஒரு படத்தில் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. எனக்குப் படைப்பாற்றலே இல்லையோ?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வளையல்களை அடகு வைக்க வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருப்பவற்றில் திரும்பப் பெற முடியாத முடிவு இது ஒன்றுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். முதல் படம் எடுத்தவர்கள் பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் கேமராவின் விலையால் கெட்டவை மிகக் குறைவு. இந்தக் காட்சி படத்துக்குள் எதற்காக இருக்கிறது என்று நான் கேட்கும்போது எடுத்தவரே தயங்குவார்; அங்கேதான் பெரும்பாலும் படம் கெட்டிருக்கும்.

நகையை அடகு வைக்கச் சொல்பவர்கள் உங்களுக்கு வங்க இயக்குநர் சத்யஜித் ராயின் கதையைச் சொல்லியிருப்பார்கள். தம் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்காக அவர் காப்பீட்டுப் பத்திரத்தின் மீது கடன் வாங்கினார், சேர்த்து வைத்த இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின, எல்லாம் உண்மைதான். அந்தப் பணமும் போதாமல் படப்பிடிப்பு நின்றுபோனதையும், மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகே 1955-இல் படம் வெளிவந்ததையும் சொல்பவர்கள் கொஞ்சம் மெல்லச் சொல்வார்கள். நம் குமரி மாவட்டத்துக் கதையையோ யாரும் சொல்வதே இல்லை. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் குடும்பச் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, தாமே எழுதி இயக்கி நடித்து, மலையாளத்தின் முதல் கதைப்படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். நாயர் பெண்ணின் பாத்திரத்தில் பி.கே. ரோசி என்ற தலித் பெண் நடித்ததைப் பொறுக்காதவர்கள் திரையின் மீது கல்லெறிந்தார்கள். ரோசி ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. டேனியல் போட்ட பணத்தை இழந்தார். இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை. பிற்காலத்தில் பல் மருத்துவம் செய்து பிழைத்தார். 1975-இல் சொந்த ஊரில் அவர் இறந்தபோது அவர் பெயர் அறிந்தவர்களே குறைவு. கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது 1992-இல்தான். ராயைவிட அவருக்குத் துணிச்சல் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. அடகு வைத்ததால் படம் அமைந்தது என்ற கணக்கே தவறு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ராயிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அவரே எழுதியிருக்கிறார். படத்தில் வரும் அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியில் முதன்முதலாக ரயிலைப் பார்க்கும் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. வேறு வெளியைத் தேடவோ, பூ இல்லாமல் எடுக்கவோ அவர் முயலவில்லை. அடுத்த ஆண்டு பூக்கும் பருவம் வரை காத்திருந்தார். இன்னொரு முறை, மிட்டாய்க்காரராக நடித்த பருத்த மனிதர் காட்சி முடியும் முன்பே இறந்துபோனார். இங்கே அவர் காத்திருக்கவும் இல்லை, எடுத்ததைத் தூக்கிப்போடவும் இல்லை. அதே உடல்வாகு கொண்ட வேறொருவரைத் தேடிப் பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டியபடி வாசலுக்குள் நுழையச் செய்தார். மூங்கில் தோப்பிலிருந்து வெளிப்படுபவர் ஒருவர், அடுத்த ஷாட்டில் வீட்டுக்குள் போகிறவர் வேறொருவர், பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை.

ஒரே மனிதர், ஒரே படம், இரண்டு பற்றாக்குறைகள். ஒன்றுக்கு ஓர் ஆண்டு காத்திருக்கிறார், மற்றொன்றை ஒரு முதுகைக் கொண்டு சமாளிக்கிறார். வெண்மையான பூவெளியில் கரும்புகை கிளம்ப வேண்டும். அந்தக் காட்சிக்கு அதுதான் உயிர், அதற்கு மாற்று கிடையாது. மிட்டாய்க்காரர் காட்சிக்கோ, பானைகள் ஆட முன்னே போகும் பருத்த உருவமும் பின்னால் ஆசையோடு ஓடும் குழந்தைகளும் போதும், முகம் தேவையில்லை. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பதைத்தான் நான் படைப்பாற்றல் என்று சொல்வேன். எனக்கு என்ன வேண்டும் என்பதும் காட்சிக்கு என்ன வேண்டும் என்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகும் நாளில்தான் அது நமக்கே தெரிய வருகிறது.

‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்ததால் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமல், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் இசையையும் கொண்டே அச்சமூட்டினார் என்ற செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை எல்லோரும் இனிப்புத் தடவித்தான் சொல்கிறார்கள். 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. செலவும் திட்டமிட்டதைப் போல் இரு மடங்கைத் தாண்டியது. தட்டுப்பாடு அவருக்குக் கைகொடுத்தது, சரி. ஆனால் காட்சிக்குத் தேவை பயம்தானே தவிர சுறா கட்டாயமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அது கைகொடுத்தது.

தெரியாதவனுக்குத் தட்டுப்பாடு ஒன்றும் கற்பிக்காது. என் சொந்த அனுபவமே இதற்குச் சான்று. நாகர்கோவிலில் கல்லூரியில் படித்தபோது, கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கி, முட்டம் கடற்கரையில் இரண்டு நாள் படம் எடுத்தோம். ஒரு வள்ளத்துக்காகச் சண்டையிடும் அண்ணன் தம்பி கதை. ஆடி மாதக் காற்று. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், வசனம் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. முழுக்க முழுக்க ஊ என்ற இரைச்சல். சரி, வசனமே இல்லாத படமாக்கிவிடலாம் என்று முடிவு செய்து, ஏதோ பெரிய கலை செய்துவிட்ட பெருமிதத்தோடு அதை ஊரில் திரையிட்டோம். முன்வரிசையில் இருந்த மீனவப் பெரியவர் ஒருவர் பாதியில், “இவனுவ ரெண்டு பேரும் என்னத்துக்குடே மொறச்சிட்டு நிக்கானுவ?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வசனம் இருந்திருந்தாலும் பதில் இருந்திருக்காது. வசனம் அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். அந்த இருட்டை எடுக்க முடியவில்லை என்கிறீர்கள். அந்த இருட்டு உங்கள் காட்சிக்கு எதற்காக வேண்டும்? ஊரே உறங்கும்போது ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார் என்பதற்கா, பாம்பும் பன்றியும் நடமாடும் தோட்டத்தின் அச்சத்துக்கா, இரவில் போய்விடுவதால் சிறு வயதில் நீங்கள் அப்பாவைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பதற்கா? மூன்றும் மூன்று வேறு படங்கள். முதலாவதற்கு, விளக்கணைந்த வீடுகளைத் தாண்டிப் போகும் ஒற்றை வெளிச்சம் வேண்டும். இரண்டாவதற்கு, அந்த வெளிச்சத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு, தோட்டத்துக்கே போகத் தேவையில்லை. காலியான பாயும், கதவடியில் கழுவி வைத்த கட்டன் சாயா டம்ளரும் போதும். உங்கள் கடிதத்தின் தொனியை வைத்துப் பார்த்தால் மூன்றாவதுதான் உங்கள் படம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம், முடிவு உங்களுடையது.

தோட்டம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அறிவியல் ஆசிரியையான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கைப்பேசியின் சென்சார் மிகச் சிறியது, கிடைக்கும் கொஞ்ச ஒளியை அது மின்னணு முறையில் பெருக்கிக் காட்டும்போது புள்ளிகள் எழுகின்றன. பெரிய சென்சார் கொண்ட கேமரா இதில் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் திரையில் இருட்டாகத் தெரிய வேண்டியதை இருட்டில்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பால்வெட்டு விடியும் முன் நடப்பதற்குக் காரணம் மரத்தினுடையது. வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறைகிறது. கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிடங்களில் தோட்டம் நீலமாக மங்கும். அப்பா தலை லைட்டைப் போட்டுக்கொண்டு மரங்களுக்கிடையே நடக்கட்டும். அந்த லைட் பட்டு ஒளிரும் மரப்பட்டையின் மீது திரையில் விரலை அழுத்தி வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். சுற்றியிருப்பவை தாமாகவே இருளும். சட்டகத்துக்குள் வானம் வந்தால் மட்டும் குட்டு உடைந்துவிடும், அதனால் கேமராவைச் சற்றுக் கீழ் நோக்கியே வையுங்கள். பூட்டாமல் விட்டால், லைட் கேமரா பக்கம் திரும்பும்போதெல்லாம் படம் கறுத்தும் வெளுத்தும் ஊசலாடும். நீங்கள் எடுத்தவற்றில் அந்தக் குறையும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மாலையில் மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். படத்துக்காக மரத்துக்கு இன்னொரு காயம் தேவையில்லை, அப்பாவும் சம்மதிக்க மாட்டார், தோட்டக்காரர் சும்மா விடவும் மாட்டார். மாலையில் நடை, கத்தி தீட்டல், வாளியைத் தூக்கிப் போவது போன்ற அகன்ற ஷாட்களை மட்டும் எடுங்கள். வெட்டும் காட்சியை உண்மையான பால்வெட்டு நேரத்திலேயே, மரத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று எடுங்கள். தலை லைட் கத்தி முனைக்கு மிக அருகில் இருப்பதால் அந்த இடத்தில் கைப்பேசிக்கே போதிய வெளிச்சம் கிடைக்கும். மாலையில் எடுத்த தோட்டத்தையும் இரவில் எடுத்த கத்தியையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒரே இரவாகிவிடும். என் தொழிலே அதுதான். பள்ளி விட்டு வந்த பிறகு எடுப்பதால் விடுப்பும் வேண்டாம். ஒரு மாலைக்கு மூன்று ஷாட் கிடைத்தால் அதிகம். அந்தக் குறுகிய நேரமே எந்த மூன்று என்று உங்களை யோசிக்க வைக்கும்.

வீட்டுக்குள் எடுப்பதற்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். ராயின் அடுத்த படமான ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தை மழைக்கு அஞ்சி ஸ்டுடியோவுக்குள் கட்டியபோது, வானிலிருந்து நிழலில்லாமல் இறங்கும் பகல் ஒளியை உள்ளே கொண்டுவர முடியாது என்றுதான் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முதலில் வாதிட்டார். பிறகு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மீது அடித்து, தெறித்துத் திரும்பும் ஒளியில் எடுத்தார். ‘பதேர் பாஞ்சாலி’யில் சேர்ந்தபோது அவருக்கு வயது 21, அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. உங்கள் அடுக்களை பல்பையும் சுவரில் விரித்துக் கட்டிய வேட்டியின் மீது திருப்பிப் பாருங்கள். அப்படி எடுக்கும்போது நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல்பு மினுக்குவது படத்தில் விழாமல் இருக்கும்.

அப்பா விறைத்துப்போவது பற்றி. அவர் நடிக்க மறுக்கவில்லை. கேமராவின் முன் சும்மா இருக்கச் சொன்னால் யாருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியாது. கைக்கு வேலை கொடுங்கள், முகத்தை மறந்துவிடுங்கள். அவர் பேச்சைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்: சாயா குடிக்கும் நேரத்தில் பழைய கைப்பேசி ஒன்றை மேசையில் பதிவு நிலையில் வைத்துவிட்டு, பதிவு ஆகிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தில் அதை அவர் மறந்துவிடுவார். அந்தக் குரலைக் கைகளின் மீது ஓட விடலாம். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிக்ஸ் தம் முதல் படமான ‘எல் மரியாச்சி’யை 7,000 டாலரில் எடுத்தபோது ஒலியைப் படத்தோடு பதிவு செய்யும் வசதி அவரிடம் இல்லை, ஒவ்வொரு ஷாட்டும் முடிந்த பிறகு நடிகர்களை மீண்டும் பேசச் சொல்லித் தனியாகப் பதிவு செய்தார். கேமரா நகர ஒரு சக்கர நாற்காலி. தன்னிடமும் நண்பர்களிடமும் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அவற்றைச் சுற்றியே கதையை எழுதினார். (அதைத் திரையரங்குக்குக் கொண்டுவர வாங்கிய நிறுவனம் அதைவிடப் பல மடங்கு செலவழித்தது. இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.)

ஆகவே பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் ஒலிக்குச் செலவழியுங்கள். சட்டையில் குத்தும் சிறு மைக் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். கேட்காத பேச்சைப் பொறுக்க மாட்டார். முட்டத்தில் பட்டவன் சொல்கிறேன். மேலும், இருட்டைச் சொல்ல ஒலியைவிட நல்ல கருவி எது? பட்டை சீவும் சத்தம், சிரட்டையில் சொட்டு விழும் சத்தம், தூரத்தில் ஒரு நாய், அடுத்த தோட்டத்தில் பால் வெட்டுபவர் கொடுக்கும் குரல். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் இவை ஒரு நிமிடம் தாங்கும்.

எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. உங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் சோதனைகள் அனைத்தும் ஏற்கெனவே செய்யப்பட்டவையே. அதற்காக நீங்கள் அவற்றை நிறுத்துவதில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், எத்தனை ஷாட் என்று எண்ணுங்கள், அதே வரிசையில் உங்கள் வீட்டில் அம்மாவை வைத்து எடுங்கள். எங்கேயோ ஓரிடத்தில் அது அப்படியே வர மறுக்கும். உங்கள் அடுக்களையில் அந்த ஜன்னல் இருக்காது, அம்மா அப்படித் திரும்ப மாட்டார். மறுக்கும் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் படச்சுருள் கிடைக்காத நாட்களில் இயக்குநர் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் பிறர் எடுத்த படங்களையே வெட்டி மாற்றி ஒட்டித்தான் படத்தொகுப்பு படித்தார்கள். உங்கள் முதல் இரண்டு படங்களையும் அப்படிப் பாதி நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள், புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்காமல்.

கடைசியாக இரண்டு நடைமுறைச் செய்திகள். தோட்டத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். கூலி, கடன் பற்றி அப்பா சொல்வதில் எது வெளியே போகலாம் என்பதை அவரே கேட்டு முடிவு செய்யட்டும். படம் முடிந்த மறுநாளும் அவர் அதே மரங்களுக்குத்தான் போக வேண்டும். ரோசிக்கு நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விலை கொடுத்தவர் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் மட்டும் இல்லை. இரண்டாவது, ஜனவரியை ஒட்டி ரப்பர் இலை உதிர்க்கும். அப்போது தோட்டத்துக்குள் வெளிச்சமே வேறாகிவிடும். அதற்கு முன் எடுத்த ஷாட்டோடு பின் எடுத்தது ஒட்டாது. அகன்ற ஷாட்களை அதற்குள் முடித்துவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. விடாது பெய்யும் நாட்களில் பால்வெட்டு இருக்காது, கூலியும் இருக்காது. அந்த அதிகாலைகளில் உங்கள் அப்பா 3 மணிக்கு விழித்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த மழையில் அதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள், கேமரா வேண்டாம்.